இடிதான்!

சிவகாசியில் தூரத்தில் ஒரு சத்தம் கேட்டால் அடுத்த இரண்டு விநாடி யாரும் பேச மாட்டார்கள். டீக்கடையில் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோன கை பாதியில் நிற்கும். தையல்காரர் மிஷினை மிதிக்கிற காலை எடுத்துவிடுவார். தெருவே கழுத்தைத் திருப்பி, பயராபீஸ்கள் இருக்கிற திசையிலெல்லாம் புகை எழும்புகிறதா என்று தேடும். பட்டாசு ஆலையைப் பயராபீஸ் என்றுதான் நாங்கள் சொல்வோம். பாதி வீடுகளில் ஒருத்தராவது அங்கே வேலைக்குப் போயிருப்பார்கள். அப்புறம் மேற்கே பார்த்துக்கொண்டிருந்த யாரோ ஒருவர் சொல்வார்: "இடிதான்ப்பா."

தமிழில் அதைவிட இனிப்பான ஒரு சொல்லை நான் கேட்டதில்லை. கிளாஸ் வாய்க்குப் போகும். மிஷின் ஓடும். "மேக்கே கறுத்திருக்கு, வந்துரும்போல" என்று பேச்சு மழைக்குத் திரும்பும். ஊர் மொத்தமும் பயத்திலிருந்து சந்தோஷத்துக்கு ஒரே தாவாகத் தாவுகிற அந்த நிமிஷத்தைச் சின்ன வயசிலிருந்து பார்த்துப் பார்த்துத்தான் எனக்குக் கோடை இடிமழையின் மேல் இப்படி ஓர் ஆசை வந்தது. ஊட்டி மழை பார்த்திருக்கிறேன். கேரளத்து மழையில் மூன்று நாள் நனைந்திருக்கிறேன். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் சித்திரை மாசத்துச் சாயங்காலம் மேற்கு மலையிலிருந்து இறங்கி, கரிசல் காட்டைத் தாண்டி எங்கள் ஊருக்குள் நுழைகிற அந்த ஒரு மணி நேர மழைக்கு முன்னால் அவையெல்லாம் நிற்காது.

இருபத்திரண்டு வருஷமாக ஆப்செட் அச்சகத்தில் மிஷின்மேனாக இருக்கிறேன். பதினாறு வருஷமாக மழை நோட்டு எழுதுகிறேன். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு முதல் இடி, காற்று எந்தப் பக்கம், எத்தனை மில்லிமீட்டர் எல்லாம் அதில் இருக்கும். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை. அந்த நோட்டை எடுத்துப் புரட்டினால் சில பக்கங்களில் இன்றைக்கும் மண் வாசம் அடிக்கிறதுபோல இருக்கும் எனக்கு.

எங்கள் மாவட்டத்தைப் பாலைவனம் என்று வெளியூர்க்காரர் சொன்னால் சண்டைக்குப் போவேன். வருஷத்துக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெய்கிற இடம் எப்படிப் பாலைவனம் ஆகும்? ஆனால் அதில் பாதியளவு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போவது. மிச்ச மாசங்களுக்கு வானம் பார்த்த பூமிதான். ஜூன் மாசம் கேரளத்தில் பருவமழை வெளுத்து வாங்கும். நூறு கிலோமீட்டர்கூட இல்லாத தொலைவில் குற்றாலத்தில் சாரல் அடிக்கும், ஊரே குளிக்கப் போகும். மலைக்கு அந்தப் பக்கமே ஈரத்தையெல்லாம் இறக்கி வைத்துவிட்ட காற்று, இந்தப் பக்கம் சரிவில் இறங்க இறங்கச் சூடேறி, காய்ந்து, வெறும் புழுதியை வாரிக்கொண்டு எங்களிடம் வரும். குற்றாலத்துக்குச் சாரல், எங்களுக்குக் காற்று. மழை மறைவுப் பிரதேசம் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்தது இதைத்தான்.

அந்த வறட்சியில்தான் எங்கள் பிழைப்பே நிற்கிறது. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அது இந்த ஊரில் வேர் பிடித்ததற்கு விவசாயம் கைகொடுக்காததும் ஒரு காரணம், காய்கிற வெயிலும் ஒரு காரணம். குச்சியில் மருந்து காய வெயில் வேண்டும். பட்டாசு உலர வெயில் வேண்டும். லித்தோ காலத்தில் ஒவ்வொரு நிறமாக அச்சடிக்கும்போது மை காய வறண்ட காற்று வேண்டும். வெயிலை நம்பிச் சோறு தின்கிற ஊர், மழையை இப்படி நேசிக்கிறது. எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன், இதற்கு எனக்கு இன்னும் சரியாக விளக்கம் சொல்லத் தெரியவில்லை. நேசிக்கிறது என்பது மட்டும் சத்தியம்.

வருஷத்தில் இரண்டு தடவை எங்களுக்கு இந்த இடிமழைக் கொடுப்பினை உண்டு. பங்குனிக் கடைசியில் ஆரம்பித்து வைகாசி வரை ஒன்று. அதுதான் கோடை மழை, ஆகாயம் அதிகமாக அதிர்வது அப்போதுதான். அப்புறம் ஆனியும் ஆடியும் காற்றடித்தே தீரும். ஆவணி, புரட்டாசியில் அந்த மேல்காற்று லேசாகத் தளர்கிற நாட்களில் மறுபடியும் சாயங்கால இடி. பகலெல்லாம் அனல், ஐந்து மணிக்கு மலைமேல் கறுப்பு, ஏழு மணிக்கு மழை என்று ஒரு ஒழுங்கோடு நாலைந்து நாள் தொடர்ந்துகூட வரும்.

எனக்கு முதல் தகவல் சொல்வது தாள். இதைக் கேட்டு யாரும் நம்புவதில்லை, வந்து பார்த்தால் நம்புவார்கள். நல்ல வறண்ட கோடையில் அச்சகத்தில் ரீம் பிரித்து வைத்தால் தாளுக்குத் தாள் மின்னேறி ஒட்டிக்கொள்ளும். மிஷின் ஒன்றுக்கு இரண்டாக இழுக்கும், விரலால் விசிறி விசிறிப் பிரித்துவிட வேண்டும். மழை வருகிற நாளில் காலை பத்து மணிக்கே அந்த ஒட்டல் போய்விடும். பதினொரு மணிக்கு அடுக்கின் ஓரம் மெல்ல அலை அலையாக எழும்பும். காற்றில் இருக்கிற ஈரத்தை ஓரம் முதலில் குடிக்கிறது, நடு இன்னும் குடிக்கவில்லை. நிறத்தின் மேல் நிறம் உட்காராது, ரிஜிஸ்டர் நிற்காது. கையில் ஒரு ஷீட்டை எடுத்துத் தட்டிப் பார்ப்பேன். காய்ந்த தாள் படபடவென்று சத்தம் போடும், ஈரம் ஏறிய தாள் பொத்தென்று துணிபோல மடங்கும். துணிபோல மடங்கினால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். மன்னார் வளைகுடாப் பக்கமிருந்து கடல்காற்று உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். மேலே காய்கிற வெயில், கீழே கடலின் ஈரம், மேற்கே முட்டி நிற்க மலை. இதற்கு மேல் இடிமழைக்கு என்ன வேண்டும்?

சாப்பாட்டு இடைவேளையில் போனை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். முதலில் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கை. ரமணன் அவர்கள் டிவியில் வந்து நிறுத்தி நிதானமாகச் சொன்ன காலத்திலிருந்து எனக்கு அந்த மையத்தின் மேல் ஒரு பாசம். வெப்பச் சலனத்தால் தென் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை என்று இருந்தால் நல்ல சகுனம். அடுத்து இன்சாட் செயற்கைக்கோள் படம். ஒன்றரை மணிப் படத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம், மேகமலைக்கு மேலே, சின்னதாக அரிசிப் பொரிபோல வெள்ளைப் புள்ளிகள் தெரியும். இரண்டு மணிக்கு அவை ஒன்றோடொன்று சேரும். அப்புறம் திருவனந்தபுரம் தும்பாவில் இருக்கிற டாப்ளர் ரேடார். மலை மறைக்கிற இடங்கள் இருந்தாலும் மேகத்தின் தலை அதில் தெரிந்துவிடும். புனே வெப்பமண்டல வானிலை நிறுவனத்தின் தாமினி செயலியும் இருக்கிறது, சுற்று வட்டாரத்தில் மின்னல் விழுந்தால் அது காட்டிக் கொடுக்கும். பயராபீஸ் வேலைக்குப் போகிற ஒவ்வொருவர் போனிலும் அது இருக்க வேண்டும் என்று நான் பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லி, நானே ஏற்றியும் கொடுத்திருக்கிறேன்.

இத்தனையும் பார்த்தாலும் கடைசியில் எல்லாம் மேலே அடிக்கிற காற்றின் கையில்தான். மலைமேல் மேகம் பிறப்பது பெரிய காரியம் இல்லை, கோடையில் தினமும் பிறக்கும். அது எந்தப் பக்கம் நகரும்? நாலைந்து கிலோமீட்டர் உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து அடித்தால் எங்கள் மேகம் தேனிக்கோ கேரளத்துக்கோ போய்விடும். மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ அடித்தால் மலை பெற்ற பிள்ளை எங்கள் மடிக்கு வரும். மூன்று மணி நேரத்துக்கு முன்னால் யாராலும் உறுதி சொல்ல முடியாது, வானிலை மையமே மாவட்ட வாரியான உடனடி எச்சரிக்கையை மூன்று மணி நேரத்துக்குத்தான் தருகிறது. அந்த மூன்று மணி நேரத்தில் இருக்கிற தவிப்பு எனக்குப் பரீட்சை முடிவுக்குக் காத்திருந்ததைவிடப் பெரிசு.

போன சித்திரையில் ஒரு நாள். தாள் மதியமே மடங்கிவிட்டது. ஷிப்டை மாற்றிக் கேட்டுக்கொண்டு, பைக்கை எடுத்து ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் மல்லிப் பக்கம் போய்விட்டேன். அங்கே ஒரு கண்மாய்க் கரை உண்டு. அதிலிருந்து மேற்கே பார்த்தால் ராஜபாளையத்திலிருந்து சதுரகிரி வரை மலைத்தொடர் முழுசும் ஒரே வரிசையில் தெரியும். நடுவே மறைக்க மரமும் இல்லை, மாடியும் இல்லை. இடிமழையைத் தலையிலிருந்து கால்வரை பார்க்க இந்தக் கரிசல் சமவெளியைவிட நல்ல மேடை தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது? மலைக்குள் இருப்பவனுக்கு மழை தலைக்கு மேல் வந்த பிறகுதான் தெரியும். எங்களுக்கு அது பிறப்பதும் வளர்வதும் நடந்து வருவதும் எல்லாம் கண்ணெதிரே.

மூன்று மணிக்கு மேகம் காலிபிளவர்போலப் பொங்கிக்கொண்டிருந்தது. பொங்குவது கண்ணுக்கே தெரிந்தது, பாலை அடுப்பில் வைத்துப் பார்ப்பதுபோல. மூன்றரைக்குத் தலை தட்டையாகி, இரும்புப் பட்டறையின் பட்டடைக்கல்போல இரண்டு பக்கமும் நீண்டது. மேலே ஏறுகிற காற்று இனி ஏற வழியில்லாமல் கூரையில் முட்டிப் பரவுகிற இடம் அது. ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டர் உயரம். எவரெஸ்ட் சிகரம் ஒன்பது கிலோமீட்டரைத் தொடாது. எங்கள் ஊர் மேகம் அதைத் தாண்டி நிற்கிறது என்று நினைக்கும்போது எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடிப்பாகம் மட்டும் மையைக் கொட்டியதுபோல நேர்கோடாகக் கறுத்திருந்தது. அந்தக் கோட்டிலிருந்து சாம்பல் நிறத்தில் தாடி தாடியாக மழை தொங்கியது, ஆனால் தரையைத் தொடவில்லை. வழியிலேயே காய்ந்த காற்று அதைக் குடித்துவிடுகிறது. அப்படிக் குடிக்கிறபோது அந்தக் காற்று குளிர்ந்து கனத்துப் போகும். கனத்த காற்று கீழே விழும். விழுந்தது தரையில் மோதி எல்லாப் பக்கமும் சிதறி ஓடும். நம் முகத்தில் மழைக்கு முன்னால் வந்து அறைகிற அந்தக் குளிர்காற்று, காணாமல் போன மழைதான்.

அது வருவதற்கு முன்னால் ஒரு செத்த நேரம். எனக்கு உயிர் போய் உயிர் வருவது அப்போதுதான். காற்று ஒரு சொட்டு இல்லை. வேப்பிலை அசையவில்லை. கரைக்குக் கீழே மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் தலையை ஒன்றோடொன்று சேர்த்துக் கும்பலாக நின்றுவிட்டன. ஆட்டுக்காரத் தாத்தா துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏய்யா, ஊருக்குள்ள போயிரு. இது சும்மா போற மழை இல்ல."

"எப்படித் தாத்தா சொல்றீங்க?"

"மயிலு அகவுன சத்தம் நின்னுபோச்சு பாரு."

நான் அதைக் கவனிக்கவே இல்லை. பதினாறு வருஷ நோட்டில் மயிலைப் பற்றி ஒரு வரி கிடையாது. அன்றைக்கு எழுதிக்கொண்டேன்.

மின்னல் தெரிந்ததும் எண்ண ஆரம்பித்தேன். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் கணக்கு. நாற்பத்திரண்டில் சத்தம் வந்தது, பதினாலு கிலோமீட்டர். அடுத்தது முப்பத்தாறு. முப்பதுக்குள் வந்துவிட்டால் வெட்டவெளியில் நிற்கக் கூடாது, கரையில் நிற்பது மரத்தடியில் நிற்பதற்குச் சமம். எத்தனை பிரியம் இருந்தாலும் இதில் நான் பிடிவாதம் பிடிப்பதில்லை. தாத்தாவையும் கூட்டிக்கொண்டு ரோட்டோரப் பம்புசெட் கட்டடத்துக்குள் போய் நின்றோம். ஆடுகளைக் கட்டடத்தின் சுவரோரமாகத் தாழ்வான பக்கத்தில் அடைத்தார்.

முதலில் புழுதி. மேற்கே நிலமே எழுந்து நிற்பதுபோலச் செம்பழுப்பில் ஒரு சுவர். அமெரிக்காவில் அரிசோனா என்று ஒரு பாலைவன மாநிலம் இருக்கிறது. அங்கேயும் எங்களைப்போலவே மதியம் மலைமேல் மேகம் கூடி, சாயங்காலம் சமவெளிக்கு இறங்கி இடிமழை பெய்யும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை அவர்களுக்குப் பருவமழைக் காலம் என்று அங்குள்ள வானிலைத் துறையே நாள் குறித்து வைத்திருக்கிறது. மழைக்கு முன்னால் வருகிற புழுதிச் சுவருக்கு அரபுச் சொல்லை எடுத்து ஹபூப் என்கிறார்கள். 2011 ஜூலை 5-ஆம் தேதி பீனிக்ஸ் நகரத்தை விழுங்கிய புழுதியின் வீடியோவை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. மழைக்காக இப்படி ஏங்குகிற ஜனங்கள் அங்கேயும் இருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு உறவு தெரிகிறது. எங்கள் புழுதி அத்தனை பிரம்மாண்டம் இல்லை. ஆனால் அதற்குள்ளே மின்னல் அடித்தபோது அந்தச் செம்பழுப்பு ஒரு கணம் தாமிரமாகப் பழுத்து அணைந்ததே, அதற்கு எதைக் கொடுப்பது!

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒளியின் நிறம் தெரியும். சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், மஞ்சளுக்குச் சோடியம், நீலத்துக்குத் தாமிரம், பச்சைக்குப் பேரியம் என்று பள்ளிக்கூடம் போகாத பெரியவர்கூடச் சொல்வார். 2018-இல் உச்ச நீதிமன்றம் பேரிய உப்புக்குத் தடை போட்ட பிறகு பச்சைக்குப் பட்ட பாடு தனிக்கதை. அப்படிப்பட்ட ஊரில் பிறந்த கண்ணோடு சொல்கிறேன், மின்னலின் அந்த வெள்ளைக்குள் ஒளிந்திருக்கிற ஊதாவை எந்த மருந்தாலும் கொண்டுவர முடியாது. சாதாரணக் காற்றையே ஏறத்தாழ 30,000 டிகிரிக்குக் காய்ச்சி, சூரியனின் மேற்பரப்பைப் போல ஐந்து மடங்கு சூடாக்கி எடுக்கிற ஒளி அது. சத்தத்துக்கும் அப்படித்தான். நாலு மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் என்று வெடிக்கு வரம்பு கட்டியிருக்கிறார்கள். வானத்து வெடி ஒரே இடத்தில் வெடிப்பதில்லை, கிலோமீட்டர் கணக்கில் நீண்ட ஒரு சரம் முழுக்க ஒரே நேரத்தில் வெடிக்கிறது. பக்கத்து முனையின் சத்தம் முதலில் படாரென்று வரும், தூரத்து முனையின் சத்தம் பின்னாலேயே உருண்டு உருண்டு வரும், மலை அதை வாங்கித் திருப்பித் தரும். சரவெடியைக் கண்டுபிடித்தவர் இதைக் கேட்டுத்தான் கண்டுபிடித்திருப்பார் என்று நான் நம்புகிறேன்.

நாலே முக்காலுக்கு முதல் துளி. பம்புசெட் தகரத்தில் ஒன்று, பிறகு ஒன்று, எட்டணாக் காசை விட்டெறிந்தாற்போல. அந்த நொடியில் மண் மணந்தது.

இதைப் பற்றி நான் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவேன். 1964-இல் ஆஸ்திரேலியாவில் ஜாய் பேர், தாமஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இந்த வாசத்துக்குப் பெட்ரிகோர் என்று பெயர் வைத்தார்கள். அதற்கு வெகு காலம் முன்னாலேயே உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் காய்ந்த மண்ணைக் காய்ச்சிச் சந்தன எண்ணெயில் இறக்கி அத்தர் ஆக்கி விற்றிருக்கிறார்கள். மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்கள் உண்டாக்குகிற ஜியோஸ்மின் என்ற பொருள், வெயிலில் செடிகொடி கசியவிட்ட எண்ணெய், எல்லாம் மண்துகளுக்குள் மாசக்கணக்கில் அடைந்து கிடக்கிறது. துளி விழுகிறபோது அடியில் சிக்கிய காற்று குமிழியாக மேலே வந்து உடைந்து அதையெல்லாம் தெறிக்கவிடுகிறது. எவ்வளவு நாள் காய்ந்ததோ அவ்வளவு வாசம். ஆகவே வாரத்துக்கு மூன்று நாள் மழை பெய்கிற ஊர்க்காரருக்கு இந்த வாசத்தின் முழு அளவு கிடைக்கவே கிடைக்காது. எங்களுக்கு நூறு நாள் வெயிலின் வட்டியோடு சேர்த்துக் கிடைக்கிறது.

கரிசலைப் பக்கத்தில் குனிந்து பார்த்திருக்கிறீர்களா? கோடையில் அது வெடித்துக் கிடக்கும், சில வெடிப்பில் என் முழங்கை வரை உள்ளே போகும். முதல் பத்து நிமிஷம் கொட்டுகிற மழை எங்கே போகிறது என்றே தெரியாது. தரையில் ஓடாது, தேங்காது. பம்புசெட் வாசலில் உட்கார்ந்து ஒரு வெடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரத்து மண் கட்டி கட்டியாக நெகிழ்ந்து உள்ளே விழுந்தது. உள்ளிருந்து குபுக் குபுக்கென்று காற்று வெளியேறியது. நிஜமாகவே குடிக்கிற சத்தம். அப்புறம் மண் பூரித்து, இரண்டு உதடும் மெல்ல மெல்லக் கிட்டே வந்தன. நடுவில் ஐந்து நிமிஷம் ஆலங்கட்டி. புளியங்கொட்டை அளவில் வெள்ளையாகத் தரையெல்லாம் குதித்தது. தாத்தா ஒன்றைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டு, எனக்கும் ஒன்று நீட்டினார். பதினைந்து கிலோமீட்டர் மேகத்துக்குள் ஏறி இறங்கி வந்த பனிக்கட்டி நாக்கில் கரைகிறது! அதற்கு ருசி இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இடிமழை என்றால் எனக்கு அம்மா ஞாபகமும் சேர்ந்தே வரும். அவள் முப்பது வருஷம் பயராபீஸுக்குப் போனவள். பீஸ் ரேட்டுக் கூலி. மழை வந்தால் வேலை இல்லை, வேலை இல்லாத நேரத்துக்குக் காசு இல்லை. இடி இடித்தால் வேலையை நிறுத்தி ஆட்களை வெளியே அனுப்பிவிட வேண்டும் என்பது வெடிபொருள் விதி. ஒவ்வொரு கட்டடத்துக்கும் இடிதாங்கி, அறைக்கும் அறைக்கும் இடைவெளி, அறைக்கு இத்தனை பேர்தான் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. இடி விழுந்து அறைகள் எரிந்த செய்திகளை இந்த வட்டாரம் பார்த்திருக்கிறது. அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில் ஈரம் பட்டாலே தானாகச் சூடேறும், அதற்கு மின்னல்கூட வேண்டாம். ஒரு யூனிட்டில் ஒரு போர்மேன், இடி தலைக்கு மேல் வந்த பிறகும் இன்னும் நாலு குரோஸ் முடித்துவிட்டுப் போங்கள் என்றாராம். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து, பக்கத்து அறை மதினிமாரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். மறுவாரம் அந்த இடத்தை விட்டே நின்றுவிட்டாள். அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

ஆனால் அவள் சொன்ன இன்னொரு காட்சிதான் எனக்குள் தங்கியிருக்கிறது. நல்ல யூனிட் அது. மேகம் கறுத்ததுமே மணி அடித்து, உலர்த்து மேடையிலிருந்து சரக்கை எடுத்து, பெண்கள் எல்லாரையும் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற சாப்பாட்டுக் கொட்டகைக்கு அனுப்பிவிடுவார்கள். முப்பது நாற்பது பெண்கள். எல்லார் கையும் முழங்கை வரை அலுமினியப் பவுடரில் வெள்ளியாக மின்னும், சோப்புப் போட்டாலும் இரண்டு நாளைக்குப் போகாத வெள்ளி. மழை பிடித்ததும் ஒருத்தி கூரைக்கு வெளியே கையை நீட்டுவாள். பிறகு எல்லாரும். கூரை ஓரம் வரிசையாக எண்பது வெள்ளிக் கைகள் மழையில் நீண்டிருக்கும், விரல் நுனியெல்லாம் மழை சொட்டும். "அன்னிக்குக் கூலி போச்சேன்னு ஒருத்திக்கும் வருத்தம் இருக்காதுடா," என்பாள் அம்மா. சொல்லும்போது இப்போதும் கையை அப்படியே நீட்டுவாள்.

மழையைப் பிரியப்படுகிறவன் மலைமேல் பெய்வதை மறக்கக் கூடாது. 2015 மே மாதம், அமாவாசைக்குச் சதுரகிரி போன பக்தர்கள் சிலரைக் காட்டாற்று வெள்ளம் கொண்டுபோனது. நான் நின்ற கண்மாய்க் கரையிலிருந்து பார்க்கிற அதே மலை. கீழே வெயிலடிக்கும், மேலே கொட்டும், ஓடையில் இறங்கியவருக்குத் தெரியாது. இப்போது மழை எச்சரிக்கை இருந்தால் வனத்துறை ஏறவிடுவதில்லை. ஏமாற்றத்தோடு திரும்புகிறவர்களை மலையடிவாரத் தாணிப்பாறையில் பார்த்தால் நான் சமாதானம் சொல்லித்தான் அனுப்புவேன். சாமி அடுத்த அமாவாசைக்கும் அங்கேதான் இருக்கும்.

அந்தச் சித்திரை நாளில் ஐந்தே முக்காலுக்கு மழை எங்களைத் தாண்டிச் சிவகாசிப் பக்கம் நகர்ந்தது. மேற்கே வெயில் கீறிக்கொண்டு வந்தது, கிழக்கே கறுப்பு மேகத்தின் மேல் முழு வானவில், அதற்கு மேலே மங்கலாக இன்னொன்று. திரும்பி வரும்போது மல்லியில் பிள்ளைகள் தெருவெல்லாம் ஓடிக்கொண்டிருந்தார்கள். திருத்தங்கல் பக்கம் கரண்ட் இல்லை என்று போன் வந்தது. யாருக்கும் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. வழியில் நிறுத்தி எண்ணெய் பரோட்டாவைச் சால்னாவில் முக்கி நாலு சாப்பிட்டேன். மழை விட்ட குளிரில் அந்தக் கல்லிலிருந்து வருகிற சூட்டை அனுபவித்தவருக்குத் தெரியும், நான் விளக்க வேண்டியதில்லை.

ராத்திரி லைட் கம்பத்தைச் சுற்றி ஈசல் அப்பியது. மறுநாள் காலை சரியாக எட்டரைக்கு மாடிக்குப் போய் மழைமானியைப் பார்த்தேன். வானிலைத் துறை எட்டரைக்கு எட்டரைதான் ஒரு நாளாகக் கணக்கு வைக்கும், நானும் அப்படியே. 41 மில்லிமீட்டர்! ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஒரு ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் ஒரு லட்சத்து அறுபத்தைந்தாயிரம் லிட்டருக்கு மேல். குடம் கணக்கில் தண்ணீர் வாங்குகிற ஊர்க்காரனுக்கு அந்த எண்ணைப் பார்க்கும்போது கை நடுங்கும். நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன்.

இதோ ஆவணி பிறந்துவிட்டது. தீபாவளிச் சரக்கு வேலை உச்சத்தில் இருக்கிற மாசம், பயராபீஸ்காரர்கள் தினமும் வானத்தை இரண்டு மனசோடு பார்க்கிற மாசம். மேல்காற்று மூன்று நாளாகத் தளர்ந்திருக்கிறது. நேற்று சாயங்காலம் மலைமேல் சத்தமில்லாமல் மின்னிக்கொண்டே இருந்தது. இன்றைக்குக் காலையில் பிரித்த ரீமில் தாள் ஒட்டவில்லை. பதினொரு மணிக்கு ஓரம் எழும்பிவிட்டது. வெம்பக்கோட்டை மாமா காட்டிலிருந்து கூப்பிட்டார்.

"மாப்ளே, ஒன் போன்ல என்ன காட்டுது? உழுது போட்டுட்டேன். ஓர் உழவு மழை கெடச்சாப் போதும்."

"மேகமலைக்கு மேல பொரி பொரியாத் தெரியுது மாமா. காத்து மேக்க இருந்துதான் வருது. அஞ்சு மணிக்கு மேல வீட்டுக்குள்ள இருங்க, காட்டுல நிக்காதீங்க."

"சரி மாப்ளே. இங்க மயிலு இப்பவே கத்துறத நிறுத்திருச்சு."